ஒரே பதத்தில் நின்ற டிராக்டர்கள்

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் உங்களில் பாதிப் பேர் அடுத்த கம்பெனியின் நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மீட்டிங் அறையை ஏதோ ஆலோசனைக் கூட்டம் என்று பதிவு செய்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து அரே கணக்கு, அதாவது எண் வரிசைக் கணக்கு, போடுகிறீர்கள். ஓய்வு பெறும்வரை நானும் அதைக் கண்டுகொள்ளாத மேனேஜராகத்தான் இருந்தேன். கண்டுகொண்டிருந்தால் டீமில் ஆள் மிஞ்சியிருக்காது.

நீங்கள் போடும் கணக்குகளையும் எட்டிப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் எண்கள் இருக்கின்றன, வேகமாக வரிசைப்படுத்து. எந்த இரண்டைக் கூட்டினால் இந்த எண் வரும், ஒரே ஓட்டத்தில் கண்டுபிடி. கூடுதலாக இடம் எடுக்காதே. விடை சரியாக வந்தாலும் உங்களுக்குத் திருப்தி இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் அதைவிட வேகமாகப் போட்டிருந்தால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்குவதில்லை. நல்ல பயிற்சிதான், குறை சொல்லவில்லை. நேர்காணல் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தபோது நானும் இதே கேள்விகளைத்தான் கேட்டேன். ஊரே கேட்கும்போது நாம் மட்டும் கேட்காவிட்டால் நம் கம்பெனியைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

என்னிடமும் முதல் நேர்காணலில் அரே கணக்குதான் கேட்டார்கள். எண்பதுகளின் பின்பாதி, தருமபுரி மாவட்டம். கேள்வி கேட்டவர் ஒரு மாம்பழ வியாபாரி.

காரிமங்கலம் தாண்டி பெங்களூர் ரோட்டை ஒட்டி அவருக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. மாம்பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக மாம்பழ மண்டி வைத்திருந்த குடும்பம். கூழ் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் இல்லையா?" என்று கேட்டாராம். அடுத்த சீசனுக்குள் பாய் ஒன்றை வாங்கி, தனி அறை கட்டி, ஏசி வைத்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று எழுதி மாட்டிவிட்டார். அதற்கு என்ன வேலை கொடுப்பது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

கடைசியில் கிடைத்த வேலை இதுதான். சீசனில் மாம்பழ டிராக்டர்கள் கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் நிற்கும். வண்டி வந்ததும் கேட் கிளார்க் குப்புசாமி ஒரு டோக்கன் கொடுப்பார். பழத்தை அமுக்கிப் பார்த்து, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் பதம் குறிப்பார். ஒன்று என்றால் காய், ஐந்து என்றால் இன்றே கூழாக்கியாக வேண்டிய கனிவு. பதம் கூடிய வண்டியை முதலில் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே அழுகிவிடும். இதை வரிசைப்படுத்தித்தான் கம்ப்யூட்டர் லிஸ்ட் அடித்துக் கொடுத்தது. புதிதாகச் சில வண்டிகள் வந்தால் மறுபடியும் புது லிஸ்ட். அதைக் கேட்டில் ஒட்டுவார்கள், அந்த வரிசைப்படி வண்டிகள் பழம் இறக்கும் மேடைக்குப் போகும்.

புரோகிராமை எழுதிக் கொடுத்த ஆள் போனவர் போனவர்தான். அதனால் பாய் சொந்தமாக ஒரு புரோகிராமர் வைத்துக்கொள்ள முடிவெடுத்து, செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். நான் தருமபுரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்திருந்தேன். அங்கே ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி ஒரு கூட்டமே உட்காரும். நான் எழுதிய புரோகிராம்களில் பெரும்பாலானவை நோட்டுப் புத்தகத்தை விட்டு வெளியே வந்ததே இல்லை. அந்தத் தைரியத்தில் விண்ணப்பித்தேன்.

நேர்காணலன்று நல்ல முகூர்த்த நாள். அதியமான்கோட்டை நிறுத்தத்தில் நின்ற எனக்கு ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை. படிக்கட்டு வரைக்கும் பட்டுப் புடவையும் வேட்டியுமாகத் தொங்கிக்கொண்டு போனார்கள். நான் தேய்த்த சட்டையோடு கையைக் காட்டிக் காட்டி ஓய்ந்தபோது, ஒரு மாம்பழ டிராக்டர் வேகத்தைக் குறைத்தது.

"எந்த மண்டபத்துக்குங்க தம்பி?" என்றார் ஓட்டியவர்.

"கல்யாணத்துக்கு இல்லீங்க. பாய் கம்பெனில இன்டர்வியூ."

"அட, நானும் அங்கதான் போறனுங்க. மட்கார்டுல குந்திக்குங்க. சட்ட பத்தரம், கிரீஸு இருக்கும்."

அவர் பெயர் மாதையன். ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். வழியெல்லாம் ரோட்டைப் பார்த்ததைவிடப் பின்னால் திரும்பிப் பழத் தொட்டியைப் பார்த்ததுதான் அதிகம்.

"பறிக்கற ஆளுங்க பூராவும் கல்யாணம் காட்சின்னு போய்ட்டாங்க. பழம் மரத்துலயே கனிஞ்சிருச்சு. நேத்துதான் பறிச்சேன். மத்தியானத்துக்குள்ள எறக்குனா ஒண்ணும் இல்ல. வெயில்ல நின்னுச்சுன்னா கொழகொழன்னு ஆயிரும், அப்பறம் மாடுகூட மோந்து பாக்காது."

"அப்படி ஆயிட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? தோப்புக்காரரு இப்பவே வேற ஆளுகிட்டப் பேசிக்கிட்டு இருக்கறாரு. இந்த வருசம் ஒழுங்கா எடுத்துக் காட்டுனாத்தான் அடுத்த வருசம் தோப்பு நம்ம கையில. இல்லன்னா கூலிக்குப் பறிக்கப் போவணும்." கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினார். "நீங்க கம்ப்யூட்டரு வேலைக்குத்தானே போறீங்க? நம்ம வண்டியக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்குங்க."

சிரித்தேன். நேர்காணலுக்குப் போகிறவனிடமே சிபாரிசு கேட்கிற மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன்னால் பெரிய கூட்டமே நின்றது. மாதையனுக்குக் குப்புசாமி டோக்கன் கொடுத்து, பழத்தை அமுக்கிப் பார்த்து மூன்று என்று குறித்தார். அங்கே நின்ற பெரும்பாலான வண்டிகளுக்கு மூன்றுதான். பகல் முழுக்கப் பழத்தை அமுக்கும் மனிதரின் கட்டைவிரல் நடுவில் உள்ள எண்ணைத்தான் விரும்பும். மாதையனை வெயிலில் விட்டுவிட்டு, பேண்ட்டில் கிரீஸோடு ஏசி அறைக்குள் போனேன்.

உள்ளே இன்னொருவரும் வந்திருந்தார். பெங்களூரில் என்ஜினியரிங் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர். தமிழ் பேசுகிறவர்தான், நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும். நல்ல மனிதர் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதையில் அவரை வில்லனாக்கிவிடுவீர்கள்.

பாய் நாற்காலியில் உட்காரவே இல்லை. சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மண்டியில் ஒரு லோடை விலை பேசுவதற்கு முன், அடியில் கையை விட்டு ஒரு பழத்தை உருவி வெட்டிப் பார்ப்பார்கள். மேலே அடுக்கியிருப்பதை நம்ப மாட்டார்கள். பாய் ஆட்களையும் அப்படித்தான் எடுப்பார். டிரைவர் வேலைக்கு வந்தவனிடம் லாரிச் சாவியைக் கொடுப்பார், சமையல்காரனிடம் அன்றைய காய்கறியைக் கொடுப்பார். எங்களிடம் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"லிஸ்ட்டு வர லேட்டாவுது. புது வண்டி நாலு வந்தாப் போதும், அது யோசிக்க ஆரம்பிச்சிருது. ஒரு டீ குடிச்சுட்டு வந்தாலும் யோசிச்சுக்கிட்டே இருக்குது. எறக்கற ஆளுங்க மேடையில சும்மா நிக்கறாங்க. பதம் கூடுனது முன்னாடி, கொறஞ்சது பின்னாடி, அவ்வளவுதான் கணக்கு. அதுக்கு இவ்வளவு நேரமா? சீக்கிரம் வர வையிங்க தம்பிகளா. யாரு வர வைக்கறாங்களோ அவங்களுக்கு வேல."

பாருங்கள், உங்களுக்கு இன்று வரும் கேள்விக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஓர் அரே கொடுத்தாயிற்று. வரிசைப்படுத்தச் சொல்லியாயிற்று. வேகமாக வேண்டும் என்றும் சொல்லியாயிற்று. உதாரணத்துக்கு ஒரு வாசல் நிறைய டிராக்டர்களும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பெங்களூர்காரர் புரோகிராமைத் திரையில் வரவழைத்து, இரண்டு பக்கம் பார்த்ததுமே சிரித்துவிட்டார். பழைய புரோகிராம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டை மட்டும் ஒப்பிட்டு, தேவையானால் இடம் மாற்றி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும் வகை. நீங்கள் எல்லோரும் முதலில் படித்து, அப்புறம் கேலி செய்யும் அதே முறை. அவர் அதைத் தூக்கிவிட்டு, தூரத்தில் இருப்பவற்றையே பிடித்து ஒரே தாவலில் இடம் மாற்றும் முறையை எழுதினார். நான் என் நோட்டில் தேதி போட்டு முடிப்பதற்குள் அவர் பாதி எழுதிவிட்டார். அப்படியொரு விரல் வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது, பார்க்க ஆனந்தமாகவும் இருந்தது.

ஓட்டிக் காட்டினார். பட்டனைத் தட்டிய கை மேலே எழுவதற்குள் வரிசை திரையில் வந்து நின்றது. பிரிண்டர்தான் அவருக்கு ஈடு கொடுக்க முடியாமல் கத்தியது. பாய் வாய்விட்டுச் சிரித்தார். நானும் கை தட்டினேன். வேலை போய்விட்டது என்று தெரிந்தது, இருந்தாலும் தட்ட வேண்டும்போல் இருந்தது.

"இனிமே எத்தன வண்டி வந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் புது லிஸ்ட்டு போடலாம் சார்" என்றார் பெங்களூர்காரர்.

"போடுங்க. போட்டுக்கிட்டே இருங்க" என்றார் பாய். குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

அன்று அந்தத் தொழிற்சாலைக்கு நடந்த கெடுதல் அத்தனையும் இந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாகக் கேட் தெரியும். வேலை போய்விட்டதால் எனக்கு வேடிக்கை பார்க்க நிறைய நேரம் இருந்தது. முதல் லிஸ்ட்டை ஒட்டினார்கள். மாதையன் போய்ப் பார்த்தார், முகம் சுருங்கியது. ஒரு புது வண்டி வந்தது, புது லிஸ்ட் போனது. மாதையன் பார்த்தார், முகம் மலர்ந்தது. இன்னொரு வண்டி, இன்னொரு லிஸ்ட். இந்தத் தடவை பெயரைத் தேடித் தேடிக் கடைசி வரைக்கும் விரலை ஓட்டினார். அவர் மட்டுமில்லை, எல்லோரும் அப்படித்தான். மேடைக்கு வண்டியைக் கிளப்பி வந்தவர் பாதியில் நின்று பின்னுக்குப் போனார். பின்னால் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை முன்னால் வரச் சொன்னார்கள். லிஸ்ட் லேட்டாக வந்த காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் வண்டியை நகர்த்தினார்கள். இப்போது லிஸ்ட் சீக்கிரம் வந்ததால் யாரும் எங்கேயும் நிற்க முடியவில்லை. டிராக்டர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு ஹாரன் அடித்தன.

கொஞ்ச நேரத்தில் குப்புசாமியின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

"யாருகிட்டய்யா கை நீட்டுன? எனக்குப் பின்னாடி வந்தவன் எப்படி எனக்கு முன்னாடி போனான்?"

"எம்புள்ளைங்க மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலீங்க! உள்ள இருந்து என்ன வருதோ அதத்தான் ஒட்டறேன்!"

அடுத்தவர் காசில் டீகூடக் குடிக்காத மனிதர் அவர். கூட்டம் ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கேதான் நான் நின்றிருந்தேன். மாதையன் வேறு வந்ததிலிருந்து எல்லோரிடமும், "உள்ள நம்ம ஆளு இருக்கறாரு" என்று சொல்லி வைத்திருந்தார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்தச் சமயத்தில் அவர் பெயர் லிஸ்ட்டின் அடியில் கிடந்ததால், அவரே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பாய் உள்ளே ஓடி வந்தார். "என்ன தம்பி இது? லிஸ்ட்டு தப்பா வருதா?"

பெங்களூர்காரர் பதறவில்லை. லிஸ்ட்டை விரித்து வைத்தார். "நீங்களே பாருங்க சார். அஞ்சு எல்லாம் முதல்ல. அப்புறம் நாலு. அப்புறம் மூணு. எங்கயாவது மூணுக்குப் பின்னாடி நாலு இருக்கா?"

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. நானும் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இன்று உங்கள் விடையைத் திருத்தும் இயந்திரத்திடம் கொடுத்திருந்தால், பச்சை விளக்கு எரியவிட்டு முழு மதிப்பெண் கொடுத்திருக்கும். வெளியே அடிதடி நடந்துகொண்டிருந்தது.

எனக்கு விஷயம் பிடிபட்டதற்கு என் அறிவு காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். பஸ் கிடைத்து வந்திருந்தால் நானும் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் புரியவில்லை என்று சொல்லியிருப்பேன். நான் மாதையனோடு வந்தவன். எங்களுக்கு முன்னால் வாசலுக்குள் நுழைந்தது ஒரு பச்சை டிராக்டர் என்று எனக்குத் தெரியும். அது மூன்று, இவரும் மூன்று. ஒரு லிஸ்ட்டில் அது முன்னால், அடுத்த லிஸ்ட்டில் இவர் முன்னால், அதற்கடுத்ததில் மறுபடியும் அது முன்னால்.

"மூணும் மூணும் இடம் மாறிக்கிட்டே இருக்குதுங்க" என்றேன்.

"மாறட்டுமே. மூணும் மூணும் ஒண்ணுதானே? எது முன்னாடி வந்தா என்ன?" என்றார் பெங்களூர்காரர். கணக்குப்படி அவர் சொன்னதில் ஒரு புள்ளி தப்பில்லை.

நான் பாயிடம் திரும்பினேன். "பாய், ஒரே பதத்துல ரெண்டு வண்டி நின்னா எது முன்னாடி போகணும்?"

பாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இது என்ன கேள்வி? முன்னாடி வந்தது முன்னாடி போகும்."

"நீங்க அத எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"இதெல்லாம் ஒருத்தரு சொல்லணுமா?"

நண்பர்களே, நான் முப்பது வருடத்துக்கும் மேல் இந்தத் தொழிலில் இருந்தேன். என்னை இரவு பகலாகத் துரத்திய கோளாறுகளில் பாதி, யாரோ ஒருவர் "இதெல்லாம் சொல்லணுமா" என்று நினைத்து விட்டுவிட்ட இடத்தில்தான் ஒளிந்திருந்தது. பழைய புரோகிராம் மந்தமானதுதான். ஆனால் அது பக்கத்தில் இருப்பவரை மட்டும், அதுவும் பதம் கூடியிருந்தால் மட்டுமே தாண்டவிடும். சமமானவர்களைத் தொடவே தொடாது. அதனால் வந்த வரிசை தானாகவே காப்பாற்றப்பட்டுவந்தது. எழுதியவருக்கே அது தெரிந்திருக்காது. பாய்க்கும் தெரியாது, குப்புசாமிக்கும் தெரியாது. மந்தத்தைத் தூக்கி எறிந்தபோது நியாயமும் கூடவே போய்விட்டது.

பெங்களூர்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் சொன்ன திருத்தம் சின்னதுதான். பதத்தோடு டோக்கன் எண்ணையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். பதம் கூடியது முன்னால், பதம் சமமானால் டோக்கன் சின்னது முன்னால். வேகமும் அப்படியே இருக்கும். அவர் நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தார். எல்லோரும் செய்யக்கூடிய காரியமில்லை அது. நான் இரண்டு வரி தட்டி முடித்தேன். ஓட்டுவதற்கு முன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பார்த்திருக்கக் கூடாது. நான் தட்டிக்கொண்டிருந்தபோதே பெங்களூர்காரரின் புரோகிராம் திருத்தத்துக்கு முன் அடித்த கடைசி லிஸ்ட் கேட்டில் ஒட்டப்பட்டிருந்தது. அதில் மாதையன் இரண்டாவது. டிராக்டரை மேடை வாயிலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துக் கையை உயர்த்திச் சிரித்தார். நம்ம ஆளு காப்பாற்றிவிட்டான் என்ற சிரிப்பு. முன்னால் ஒரே ஒரு வண்டிதான் இறங்கிக்கொண்டிருந்தது. நான் இப்போது பட்டனைத் தட்டினால் அவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு முன்னால் வந்த மூன்றுகள் அத்தனையும் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றன. வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

பாய் கேட்டார். "இப்பவே மாத்தணுமா? இல்ல, ஒட்டுன லிஸ்ட்டு ஓடட்டும், நாளையிலேருந்து வெச்சுக்கலாமா? திரும்ப மாத்துனா இன்னொரு சண்ட வருமே."

"நாளைக்கு மாத்தறதுதான் ஸேஃப் சார்" என்றார் பெங்களூர்காரர். அது நியாயமான யோசனை. இன்றைக்கும் நிறைய இடங்களில் அதைத்தான் செய்வார்கள், நானும் வேறு சமயங்களில் செய்திருக்கிறேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நாளைக்கு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மாதையன் இறக்கிவிட்டுப் போயிருப்பார், அவருக்கு அடுத்த வருடமும் தோப்பு இருந்திருக்கும்.

என்னை ஏற்றி வந்த மனிதர். அவர் இல்லாவிட்டால் நான் அந்த அறைக்குள்ளேயே வந்திருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பச்சை டிராக்டர்காரர் எந்தத் தோப்பை யாரிடம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் வண்டியின் மட்கார்டில் நான் உட்கார்ந்து வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவருடைய பழமும் அதே வெயிலில்தான் நின்றது.

"இப்பவே" என்று சொல்லிப் பட்டனைத் தட்டினேன்.

குப்புசாமி புது லிஸ்ட்டை ஒட்டாமல், டோக்கன் எண்ணோடு சத்தமாகப் படித்தார். கூட்டம் முதலில் கத்தியது, பிறகு கேட்டது. யாருக்கு முன்னால் யார் வந்தார் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். அதனால் லிஸ்ட் சரிதானா என்பதைச் சோதித்துப் பார்க்க வேறு யாரும் தேவைப்படவில்லை. சத்தம் அடங்கியது. மாதையன் பெயர் பச்சை டிராக்டருக்குப் பிறகு, ரொம்பக் கீழே வந்தது.

அவர் வண்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். தொட்டி மாட்டிய டிராக்டரைக் கூட்டத்துக்குள் ரிவர்ஸ் எடுப்பது லேசான வேலை இல்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் தொட்டி மறுபக்கம் போகும். நாலு பேர் "ஒடி, ஒடி, இந்தப் பக்கம்" என்று கத்த, அவர் முன்னும் பின்னுமாக எடுத்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு இல்லை. நகர்ந்துவிடலாமா என்று தோன்றியது, ஆனாலும் நின்றேன்.

அவர் முறை வந்தபோது மாலையாகிவிட்டது. மேல் பழங்கள் தப்பித்தன. அடியில் கிடந்தவை நசுங்கிச் சாறு ஒழுகின. மேடையில் இருந்தவர்கள் அடுக்கடுக்காகப் பிரித்து, நல்லதை எடுத்துக்கொண்டு, மீதியை அவர் தொட்டியிலேயே விட்டுவிட்டார்கள்.

வேலை யாருக்குக் கிடைத்தது என்று கேட்கிறீர்களா? நாங்கள் இருவரும் பாய் முன்னால் போய் நின்றோம். "ரெண்டு பேரும் ரொம்ப நல்லாப் பண்ணுனீங்க தம்பிகளா" என்றார் அவர். "ஆனா வேலதான் முடிஞ்சிருச்சே. இனிமே மாசச் சம்பளத்துக்கு ஆளப் போட்டா அந்த ஆளு என்ன பண்ணுவாரு?" ஆளுக்கு ஒரு டின் மாம்பழக்கூழ் கொடுத்து அனுப்பினார். உங்களுக்கு இப்போது வீட்டில் செய்துகொண்டு வரச் சொல்லி இலவசமாகப் பரீட்சை வைக்கிறார்களே, அதைக் கண்டுபிடித்தது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெங்களூர்காரர் அந்தப் பக்கம் பஸ் ஏறினார். பிற்காலத்தில் பெரிய இடத்துக்குப் போனார். அன்று பஸ் ஏறும்போது என் கையைக் குலுக்கி, "நாளைக்குன்னு சொல்லியிருக்கலாமே" என்றார்.

எனக்கு இந்தப் பக்கம் பஸ் இல்லை. ரோட்டோரம் டின்னோடு நின்றபோது மாதையனின் டிராக்டர் வந்தது. நின்றது. அவர் மட்கார்டைக் காட்டினார். ஏறிக்கொண்டேன். தொட்டியிலிருந்து புளித்த வாடை அடித்தது. தருமபுரி தாண்டியதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"ரெண்டாவதா நின்னேன்" என்றார்.

"ஆமாங்க."

"மாத்துனது அந்தப் பெங்களூர்காரரா, நீங்களா?"

"நான்தாங்க."

"என் வண்டி முன்னாடி நிக்குதுன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதாங்க."

அவர் ரோட்டையே பார்த்தார். இறக்கிவிடப் போகிறார் என்று நினைத்தேன். இறக்கிவிட்டிருந்தால் தப்பில்லை என்றுகூடத் தோன்றியது. அவர் திரும்பித் தொட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னும் பாதித் தோப்பு மரத்துலதான் நிக்குது. நாளைக்குப் பறிச்சு வெச்சு, மறுநாள் வெள்ளெனவே போயி மொத டோக்கனு வாங்கிட்டா, எத்தன வண்டி வந்தாலும் என் எடம் மாறாதில்ல?"

"உங்களவிடக் கனிஞ்ச லோடு வந்தா அது மட்டும் முன்னாடி போவுங்க. மத்தபடி மாறாது."

"அது ஞாயந்தானே. மத்தபடி மாறாதில்ல?"

"மாறாதுங்க."

"யாரு வந்து சொன்னாலும்?"

"யாரு வந்து சொன்னாலும் மாறாதுங்க."

"அப்ப வூட்டுக்குப் போறதுக்கு மின்னாடி ஆளுங்களுக்குச் சொல்லிரணும், விட்டா நாளைக்கும் வர மாட்டானுங்க" என்றவர் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார். நான் மட்கார்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.